கச்சான் காற்றில் ஒரு சிறுநீரகம்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் போட் எஞ்சின் திருத்தும் பட்டறை. ஆகஸ்ட் மாத மத்தியானம். மேசையில் ஓர் அலுமினியச் சட்டம், பழைய பிரிண்டரில் கழற்றிய மோட்டர், 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச். புத்தாக்கத்துக்கென வந்த காசை ஆண்டு முடியமுன் செலவழித்தாகவேண்டிய திட்ட இணைப்பாளர், கழுத்துப் பட்டியோடு வந்து நிற்கிறார். மாவட்டத்தில் கடைசல் பிடிக்கத் தெரிந்தவர் என்பதால் மாட்டுப்பட்டவர் பாஸ்.

இணைப்பாளர்: பாஸ், மிஷின் எப்பிடி நிக்குது?

பாஸ்: மிஷின் நிக்குது தம்பி. ஜெல்தான் நிக்குதில்லை.

இணைப்பாளர்: வாற புதன் பெரியவர் வாறார். "திரவங்களாலும் ஜெல்களாலும் உறுப்பு அச்சிடும் பரிசோதனை இயந்திரம்" எண்டு பதாகை அடிச்சாச்சு. பக்கத்தில ஒரு சிறுநீரகப் படம்.

பாஸ்: ஆற்ற சிறுநீரகம்?

இணைப்பாளர்: நெட்டில எடுத்தது.

பாஸ்: நல்ல காலம். இஞ்ச பாருங்கோ. மோட்டர் ஒரு சுத்துக்கு 200 படி. திரெட் ரொட் அந்த ஒரு சுத்துக்கு 1.25 மில்லிமீற்றர் இறங்கும். சிரிஞ்சுத் தண்டு அவ்வளவு இறங்கினா 0.4 மில்லிலீற்றர் மட்டில ஜெல் வெளிய வரும். கணக்குச் சுத்தம். ஆனா மோட்டரை நிப்பாட்டினாலும் ஜெல் நிக்காது. உள்ளுக்கு ரப்பர் அமுங்கிக் கிடக்கு, காத்துக்குமிழ் இருந்தா அதுவும் அமுங்கிக் கிடக்கு. ரெண்டும் விரிஞ்சு முடியுமட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இணைப்பாளர்: அது பரவாயில்லை. பெரியவற்ற பேச்சும் அப்பிடித்தான்.

பாஸ்: ஜெல்லுக்கு மோட்டரைக் கொஞ்சம் பின்னுக்குச் சுத்தினா நிக்கும். பெரியவருக்கு என்ன செய்வீங்கள்?

(இணைப்பாளர் இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.)

இணைப்பாளர்: ஒண்டே ஒண்டு. அண்டைக்கு ஆரும் கேட்டா இடியப்ப உரல் மாதிரி எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ.

பாஸ்: ஏன், அதில என்ன குறை? 2006இல கோர்னெல் பல்கலைக்கழகத்தில மலோன், லிப்சன் எண்ட ரெண்டு பேர் "ஃபாப் அட் ஹோம்" எண்டு இதே சிரிஞ்ச் மிஷினைச் செய்து, வரைபடத்தையும் ஊருக்குச் சும்மா குடுத்தவை. சிலிக்கோனும் போட்டுப் பிழிஞ்சவை, சொக்லேட்டும் போட்டுப் பிழிஞ்சவை, சீஸும் பிழிஞ்சவை. ஒருத்தரும் வெக்கப்படேல்லை.

இணைப்பாளர்: அமெரிக்காவில சீஸ் பிழிஞ்சாலும் ஆராய்ச்சி, பாஸ். எங்களுக்கு உறுப்பு வேணும். பெங்களூரில பண்டோரம் கொம்பனி 2015இல கல்லீரல் அடிச்சிட்டினம். 2022இல ஹைதராபாத்தில கருவிழி. 2020இல பிட்ஸ்பர்க்கில முழு இதயம்!

பாஸ்: பெங்களூரில செய்தது கல்லீரல் இல்லை, கல்லீரல் இழையம், மருந்து பரிசோதிக்க உதவுற துண்டு. ஹைதராபாத் கருவிழியை முயலுக்கு வைச்சுப் பாத்தவை. பிட்ஸ்பர்க் இதயம் அல்ஜினேட், கடற்பாசியில எடுக்கிற பசை. பல் டொக்டர் அச்செடுக்க வாய்க்குள்ள வைப்பாரே, அது. அளவு மனுச இதயந்தான். ஆனா துடிக்காது. டொக்டர்மார் வெட்டித் தைச்சுப் பழகலாம்.

இணைப்பாளர்: துடிக்காட்டி என்ன, ஃபோட்டோவில தெரியப்போகுதே?

பாஸ்: சரி, ஏன் சிறுநீரகம்? உசிருள்ள ஒரு கலத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்குள்ள ரத்தக்குழாய் வேணும், இல்லாட்டிச் செத்துப்போம். என்ர ஊசியில வாற கோடே அதைவிட மொத்தம். பதவியாப் பக்கம் சனம் சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸுக்கு அலையுது தம்பி. அந்தச் சனம் போற ரோட்டில இந்தப் பதாகையைக் கட்டாதீங்கோ.

இணைப்பாளர்: பில் போட்டாச்சு பாஸ்.

(கொஞ்ச நேரம் எஞ்சின் ஒயில் மணந்தது.)

பாஸ்: சரி, ஜெல்லுக்கு வாறன். ஈரக் கோடு காத்தில நிக்காது, தன்ர பாரத்திலயே சரியும். பிட்ஸ்பர்க்காரர் அதுக்கு ஒரு வழி கண்டவை. ஜெலட்டினை நுண்ணிய மணியாக்கி ஒரு தொட்டியில நிரப்பி, அதுக்குள்ள ஊசியை விட்டு வரையிறது. முடிஞ்ச பிறகு 37 பாகைக்குச் சூடாக்கினா ஜெலட்டின் கரைஞ்சு போகும், வரைஞ்சது மிஞ்சும். இஞ்ச கச்சான் அடிக்கேக்க இந்தத் தகரக் கூரைக்குக் கீழ ஆரும் சூடாக்கத் தேவையில்லை. நீங்கள் கொழும்பில இருந்து இறக்கின ஜெலட்டின் மத்தியானத்துக்கு முன்னமே கஞ்சி.

இணைப்பாளர்: ஏசி பூட்டுவம். அதுக்கு வேற தலைப்பில காசு கிடக்கு.

பாஸ்: ஜேர்மனியில கிருமி ஆராய்ஞ்ச கொக்கின்ர ஆய்வுகூடத்திலயும் இதே கரைச்சல்தான். ஹெஸ்ஸ எண்டவர் கிருமி வளக்க வைச்ச ஜெலட்டின் கோடையில உருகிப்போச்சு. அவற்ற மனுசி ஃபனி, அகரைப் போட்டுப் பாருங்கோ எண்டா. ஜாவாவில இருந்த ஒல்லாந்தரிட்டைப் பழகின ஜெலிச் சமையல். 1882இல கொக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதேக்க அகரைச் சொன்னார், மனுசியின்ர பேரைச் சொல்லேல்லை. அகர் 40 பாகைக்குக் கீழ இறுகும்; திரும்ப உருக 85 வேணும். எங்கட வெயிலுக்கெண்டே செய்தது. ஆறேக்க விடாமல் கலக்கினா மணிமணியா வரும். ஊசி போகேக்க விலகும், போனாப்பிறகு பிடிச்சுக்கொள்ளும்.

இணைப்பாளர்: எந்த நாட்டில இருந்து இறக்கவேணும்?

பாஸ்: தம்பலகாமத்தில இருந்து. கிண்ணியாவில நோன்பு திறக்கேக்க வைக்கிற கடல்பாசி என்னெண்டு நினைச்சீங்கள்? அகர்தான். தம்பலகாமக் குடாவில அகர் எடுக்கிற கஞ்சிப்பாசி இருக்கு. வெள்ளைக்காரன் "சிலோன் மொஸ்" எண்டு பேர் வைச்சு ஏத்தினவன். இலங்கைப் பாசியளைப் பற்றித் துரைரத்தினம் 1961இலயே புத்தகம் எழுதி வைச்சிட்டார். ரெண்டாம் உலகப் போருக்கு முன்னம் உலகத்துக்கு அகர் வித்தது ஜப்பான்காரன். 1942 ஏப்ரல் 9இல இந்தத் துறைமுகத்தில குண்டு போட்டவனும் அவன்தான். போரில அவன்ர அகர் நிண்டுபோக, மற்ற நாட்டுக்காரர் கரைகரையாப் பாசி தேடித் திரிஞ்சவை.

இணைப்பாளர்: அப்ப குண்டு பாசிக்கோ?

பாஸ்: சீச்சீ. கப்பலுக்கும் விமானத்தளத்துக்கும். ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியிலயே விழுந்தது.

இணைப்பாளர்: தாங்கி! பாஸ், சீனக்குடாவில 99 தாங்கி! அதில ஜெல்லை நிரப்பினா…

(துறைமுகத்தைப் பற்றி வாய் திறந்தால் இணைப்பாளர்கள் தாங்கியில் போய்த்தான் முட்டுவார்கள். ஊரின் பழைய வியாதி.)

பாஸ்: அந்தத் தாங்கிக்கு 1987இல கடிதம் எழுதப்பட்டது. 2022இல ஒப்பந்தம். உங்கட ஜெல்லுக்குப் பாசி முளைச்சிடும். எனக்கு ஒரு சாக்குப் பாசி கொண்டு வாங்கோ, நாளைக்கு மிஷின் ஒரு விரலுயரச் சுவர் கட்டிக் காட்டும். சிறுநீரகம் வராது. சுவர் நிக்கும்.

இணைப்பாளர்: சுவரைத் திறந்து வைக்க ஏலாது பாஸ். சரி, கொண்டுவாறன். ஆனா சாக்கோட நேர வாங்க ஏலாது, கணக்காய்வு கேக்கும். மூண்டு விலைமனு வேணும்.

பாஸ்: ஒண்டு குடாக்கடல் தரட்டும். ஒண்டு களப்புத் தரட்டும். மூண்டாவது?

இணைப்பாளர்: என்ர மச்சான் குடுப்பார். அவரிட்டைக் கடல் இல்லை, லெட்டர்ஹெட் இருக்கு.