டோன் தம்பி

பழைய போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்பார். இன்றைய கல்யாணப் போட்டோக்காரரான டோன் தம்பி சிரிக்க விடமாட்டார், மூட் கெட்டுவிடுமாம். கல்யாணப் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து வெளியே பார்க்கச் சொல்வார். "எதைப் பார்க்கணும்?" என்று கேட்டால், "எதையும் பார்க்காதீங்க அக்கா" என்பார்.

தாடி, தோளில் இரண்டு கேமரா, தலை முதல் கால்வரை கறுப்பு உடை. உடம்பில் இருக்கலாம், படத்தில் மட்டும் கறுப்பு இருக்கக் கூடாது. எடிட்டிங்கில் கர்வ்ஸ் பெட்டியைத் திறந்தால் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு கோடு சாய்ந்து ஓடும். அதன் கீழ் முனையைப் பிடித்து மேலே தூக்குவார். 0-வில் இருந்த கறுப்பு 25-க்கு ஏறிச் சாம்பலாகும். மேல் முனையை இறக்குவார். 255-இல் பளிச்சென்றிருந்த மாப்பிள்ளை வேட்டி சோப்பைக் காணாத வேட்டியாகும். இதற்கு மேட் லுக் என்று பெயர், தனிக் கட்டணமும் உண்டு.

அதோடு விட்டாரா? பச்சையைக் குறைப்பார், வாசல் வாழைமரம் காய்ந்துபோகும். முகம் எடுப்பாக வரட்டுமென்று ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டி, மஞ்சளின் அடர்த்தியை இறக்குவார். நம் தோல் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள் அடக்கம். மஞ்சளிலோ தங்கம், தாலிக்கயிறு, சந்தனம், சாமந்தி என்று கல்யாணமே இருக்கிறது. விளைவு: மாநிறப் பெண் விபூதி பூசியவள் ஆகிறாள், நாற்பது பவுன் கவரிங் ஆகிறது. ஆல்பத்தைப் பார்த்துப் பெண்ணின் அப்பா பதறுவது கலையுணர்வு இல்லாமல் அல்ல. சம்பந்தி வீட்டிலும் ஒரு பிரதி போகிறதே!

"தம்பி, இது அரக்குப் பட்டுப்பா. காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தோம்" என்று அத்தை மன்றாடினால், "அரக்கு ரொம்பக் கத்துச்சு ஆன்ட்டி, அடக்கிட்டேன்" என்பார்.

மேலும் கேட்டால் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமைத் துணைக்கு இழுப்பார். 'நாயகன்' (1987) படத்தின் இருட்டு அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அங்கே இருட்டு இருட்டாகவே இருந்தது. இவர் படத்தில் இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூட்டம்தான்.

தொழில் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. மேகம் மூடிய பகலில், பருத்திப் புடவைப் பாட்டியை இதே டோனில் எடுத்தாரென்றால் கண் எடுக்க முடியாது. முகச் சுருக்கங்களில் நிழல் கன்றிப்போகாமல் மெதுவாகப் படிந்திருக்கும். மண்டபத்து எல்இடி விளக்கு மாப்பிள்ளை கன்னத்தில் அடிக்கும் ஊதாவை அடக்கவும் அவரால்தான் முடியும். பாட்டிக்கு ஏற்ற டோனை ப்ரீசெட்டாகச் சேமித்து முகூர்த்தத்துக்கும் போடுகிறாரே, அங்கேதான் இடிக்கிறது.

ஆகவே, கல்யாண வீட்டுக்காரர்களே, அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். டோன் ஏற்றாத படங்களையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தரவேண்டும். அவர் எடிட் செய்யும் லைட்ரூம் மென்பொருளில் எந்தக் கோட்டை எப்படி இழுத்தாலும் மூலப் படம் மாறாது. அதனால் "இல்லை" என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. ஆல்பம் பிரிண்டுக்குப் போகுமுன் நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது புடவையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.