முயலுக்கும் பந்துக்கும் நடந்த பட்டா வழக்கு

செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதிக்கொண்டது. ‘பணக்காரன் பந்தைத் தொலைத்துவிட்டு, அதைத் தேட இன்னொருத்தனுக்குச் சம்பளம் கொடுக்கிற விளையாட்டு’ என்று கோல்ஃபுக்கு இலக்கணம் எழுதி அனுப்பியிருந்தீர்கள். மற்ற ஊர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் கிராம நிர்வாக அலுவலராக இருந்து சிட்டா, அடங்கல், புறம்போக்கு என்றே மூச்சுவிட்ட நீங்கள், இந்த ஊர் மைதானத்தை அப்படித் தள்ளிவிடக் கூடாது. உலகத்துக் கோல்ஃப்காரர்கள் ஆயுளில் ஒருமுறையாவது மிதித்துவிட ஏங்கும் இந்த ‘ஓல்டு கோர்ஸ்’ என் கணக்கில் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. அதன் அழகும், கோணங்கித்தனமும், அது இன்றுவரை பிழைத்துக் கிடப்பதும் எல்லாமே அந்தப் புறம்போக்குத்தனத்தின் பலன்தான்.

முதலில் நிலத்தின் தரம். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை இங்கே ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள்; மேடு என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்துத் தேரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்; தேரி சிவப்பு, இது வெளுப்பு. ஏர் போட்டால் பயிர் வராது, உப்புக் காற்றுக்கு மரம் நிற்காது. பெய்த மழை அப்போதே மணலுக்குள் இறங்கிவிடும். மிஞ்சுவது மெல்லிய முரட்டுப் புல்லும், அதை மேய ஆடும் முயலும். அரசாங்கத்துக்குத் தீர்வை தராத நிலத்தில்தான் ஜனங்கள் விளையாட முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆட்டம் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்றால், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று 1457இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. அப்புறமும் இரண்டு முறை அதே தடையைப் போட வேண்டி வந்தது. திரும்பத் திரும்பப் போட்ட உத்தரவுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆவணம். 1552இல் இந்த ஊர்ப் பேராயர் ஜான் ஹாமில்டன் முயல் வளர்க்க இடம் கேட்டார். பதிலுக்கு, இந்த மணல்வெளியில் ஆடு மாடு மேய்க்கவும் கோல்ஃப், கால்பந்து எல்லாம் ஆடவும் ஊராருக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை இதை விற்றுத் தொலைத்தது. சீக்கிரமே முயல் வியாபாரிகள் கைக்கு வந்து, மைதானம் முழுக்க வளை. ஊரார் முயலை அடிக்க, வியாபாரிகள் ஊராரை அடிக்க, வருஷக்கணக்கில் அடிதடியும் கோர்ட்டும்தான். 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிய பிறகே முயல் ஓய்ந்தது. 1894இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, நிலம் மறுபடி ஊருக்கு வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். ஆட்டுக்காரன் கைத் தொரட்டியேதான்: நீளக் கம்பு, நுனியில் வளைவு. ஊர் விளிம்பில் புறப்பட்டு, ஈடன் ஆற்றுக் கழிமுகம்வரை போய் வளைந்து, போன வழியே திரும்பி வரும். வெளி அகலமில்லாததால் ஆதியில் போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் ஒரே குழிதான். பன்னிரண்டு குழி, அதில் பத்தை இரண்டு தரம் ஆடினால் 22. 1764இல் முதல் நாலை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைந்து கணக்கு 18 ஆயிற்று. உலகமெல்லாம் இன்று 18 குழி வெட்டுவதற்குக் காரணம் அவ்வளவுதான். சித்தர் கணக்கோ படிக்கணக்கோ ஒன்றுமில்லை. கூட்டம் பெருகியபின் ஒரே புல்தளத்தில் இரண்டு குழி வெட்டி, போகிறவனுக்கு வெள்ளைக் கொடி, வருகிறவனுக்குச் சிவப்புக் கொடி நட்டார்கள். ஒரே சுவரை இரண்டு வீட்டுக்கும் வைத்துக் கட்டுகிற சிக்கனம். இப்படி ஏழு இரட்டைத் தளம்; எதை எடுத்தாலும் இரண்டு குழி எண்ணையும் கூட்டினால் 18 வரும்: 2ம் 16ம், 5ம் 13ம். 1, 9, 17, 18 மட்டும் தனிக்குடித்தனம்.

மணல் பள்ளங்கள் 112. காற்றுக்கு ஆடு ஒதுங்கிப் படுத்ததும் முயல் பறித்ததுமே பலவற்றுக்கு மூலம் என்பார்கள். பதினாலாம் குழி வழியில் ஒன்றுக்கு ‘நரகம்’ என்றே பெயர். 1995இல் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் அதற்குள் இறங்கி ஏறிக் குழியை முடிக்கப் பத்துத் தடவை அடிக்க வேண்டி வந்தது. பதினேழில் புல்தளத்தை ஒட்டியே ஒரு சாலையும் கல் சுவரும். பந்து சாலையில் கிடந்தால் சாலையிலிருந்தே அடி, சலுகை கிடையாது. கடைசிக் குழிக்குப் போகும் வழியில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கல்பாலம், ஆடு ஓட்டிப் போகக் கட்டியதாம். 19ஆம் நூற்றாண்டு உள்ளூர் விதி ஒன்று உங்களுக்குப் பிடிக்கும்: பந்து உலரப் போட்ட துணியின்மேல் விழுந்தால் துணியை உருவிக்கொள்ளலாம், துவைக்கிற தொட்டி பக்கத்தில் இருந்தால் நகர்த்திக்கொள்ளலாம். துவைக்கிறவர்களை விரட்டலாம் என்று விதி இல்லை, கவனியுங்கள். அவர்களும் பாத்தியதைக்காரர்கள்.

‘யாருமே திட்டம் போடாமலா?’ என்பீர்கள். 1864 முதல் 1903 வரை பராமரித்த ஓல்டு டாம் மாரிஸ் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் புதுத் தளம் போட்டார், உண்மை. அதெல்லாம் இருந்த வீட்டுக்கு வெள்ளையடித்த வேலை; மனையை அளந்தது ஆடுதான். ‘துரைமார் கிளப்பாயிற்றே?’ என்பது இன்னும் கனமான கேள்வி. 1754இல் 22 கனவான்கள் தொடங்கி, 1834இல் அரசப் பட்டம் வாங்கிய கிளப் முதல் குழி ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. பெண்களைச் சேர்க்க 2014 வரை யோசித்தது. ஆனால் மைதானம் அதற்குச் சொந்தமில்லை. கோயில் வாசலில் மாளிகை கட்டியவன் தர்மகர்த்தா ஆகிவிட முடியுமா? கட்டணத்தில் மட்டும் நான் தோற்கிறேன்: சீசனில் வெளியூர்க்காரருக்கு ஓர் ஆட்டம் 300 பவுண்டுக்கு மேல். உள்ளூர்க்காரருக்குக் குறைந்த விலையில் ஆண்டுச் சீட்டு, மற்றவர்களுக்குக் குலுக்கல் என்று இருந்தாலும், அந்தத் தொகை புறம்போக்குக்கு அழகில்லை. அதே சமயம் ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டி இல்லாவிட்டால், ஆட்டமே கிடையாது. நாயும் குழந்தையும் சாப்பாட்டுக் கூடையும்தான். மற்ற நாட்களிலும் முதல் குழியையும் கடைசிக் குழியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு பொதுப் பாதை ஓடுகிறது. கார் போனால் உலகச் சாம்பியனும் குச்சியை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அளவை நிபுணரான உங்களுக்குக் கடைசியாக ஒன்று. 1821இல் எல்லை குறித்து நட்ட கற்கள் இன்னும் புல்லுக்குள் ஆங்காங்கே நிற்கின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு முகத்தில் கோல்ஃப் என்பதன் முதல் எழுத்து மட்டும் வெட்டியிருக்கும். இருநூறு வருஷமாக ஒருத்தனும் பிடுங்கி நாலடி தள்ளி நட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: இந்த ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளிக்கூடம். இங்கே பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்தியபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் போதனா முறையில் சேர்த்துக்கொண்டார். அந்த முறைக்கு மெட்ராஸ் பெயரே நின்றுவிட்டது, பள்ளிக்கும் அதுவே வந்தது. மணலில் எழுதிய பிள்ளைகளுக்குத்தான் பட்டாவில் பங்கு இல்லை.