‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’: தலைநகர் ஓட்டப்பிடாரமே என நிறுவும் ஓர் ஆய்வு

சேரரின் வஞ்சி மாநகர் இன்றைய கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வருகிறார்கள். மூவேந்தரையும்விடத் தமிழ்ப் பிள்ளைகளிடம் செல்வாக்குப் பெற்ற அரசன் ஒருவன் உண்டு. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று தினமும் முடிசூட்டப்படும் அவனுக்குத் தலைநகர் எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910இல் நாட்டுப்புறக் கதைகளை வகைபிரித்து எண் கொடுத்தார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அந்தப் பட்டியலை விரிவாக்கினார். கதைகளுக்கு எண் கிடைத்ததே தவிர முகவரி கிடைக்கவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் கதைகளைத் தேடித்தேடித் தொகுத்தார். அவரும் ராஜாவை ஊர் பேர் கேட்காமல் விட்டுவிட்டார். அந்தக் குறையைத் தீர்க்க முன்வரும் இக்கட்டுரையின் முடிபு இதுதான்: அத்தலைநகர் கரிசல் காட்டில், ஓட்டப்பிடாரத்தில் இருந்தது.

முதற்சான்று பரப்பளவு. கதையில் ராஜா தமுக்கடிக்கச் சொன்னால் அன்று பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்கச் சேதி போய்விடுகிறது. வண்ணாரும் நாவிதரும் வடை சுடும் பாட்டியும் முன் அனுமதி இல்லாமல் ராஜாவைப் பார்த்துப் பேசுகிறார்கள். காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பும் இளவரசன் மாலையில் வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்கிறான். சோழப் பேரரசில் இது நடக்காது. காலையில் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பியவன் மாலையிலும் சோழ நாட்டில்தான் இருப்பான். நாயக்கர் காலத்தில் 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்ட தென்னாட்டில் இது அன்றாட நடப்பு. எட்டயபுரம், நாகலாபுரம், காடல்குடி, கோலார்பட்டி என்று இந்த வட்டாரத்தில் காலாற நடந்தாலே இரண்டு ஆட்சிகளைக் கடந்துவிடலாம். கட்டுமானமும் இதற்குப் பொருந்துகிறது. கதைகளில் கோட்டை ஒரே ராத்திரியில் எழும்புகிறது. கருங்கல்லில் இது சாத்தியமில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தது மண்கோட்டை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த ஊமைத்துரை, இடிந்து கிடந்த அதைச் சில நாள்களுக்குள் எழுப்பிக் காட்டினார். ஒரு ராத்திரிக்கும் சில நாள்களுக்கும் உள்ள இடைவெளி, கதை சொல்பவருக்கு வழக்கமாக நாம் கொடுக்கும் சலுகைக்குள் அடங்கும்.

இரண்டாவது சான்று முயல். வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டியதைக் கண்டு, இது வீரம் விளையும் மண் என்று பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை கட்டினார்கள் என்பது தெற்கத்திச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. விஜயநகரத்துக்கும் இதே முயல்தான் இடம் காட்டியது, 1411இல் எழுந்த அகமதாபாத்துக்கும் இதே முயல்தான் என்று மறுப்பாளர் கூறலாம். இம்மறுப்பு நம் கட்சிக்கே உதவுகிறது. தலைநகருக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் இந்தியாவெங்கும் முயலே அதிகாரி என்றால், அந்த அதிகாரி பார்வையிட்ட இடங்களின் பட்டியலில் ஓட்டப்பிடாரம் வட்டாரமும் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பெயருள்ள அரசர்கள் கிடைத்துவிட்டார்கள். மிஞ்சியது நம் இடமே.

மிகக் கடுமையான மறுப்பு மழையைப் பற்றியது. கதையிலும் நாடகத்திலும் ராஜா கொலுவில் அமர்ந்ததும், “மந்திரி, மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்றுதான் கேட்கிறார். மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36 மழை. ஐப்பசி, கார்த்திகையை நம்பி விதைக்கும் மானாவாரிக் கரிசலுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ராஜா சொன்னது தகவல் அல்ல, கேள்வி என்பதை மறுப்பாளர் மறந்துவிட்டார். மும்மாரி பெய்யும் நாட்டில் எவனும் அதைக் கேட்கமாட்டான். தஞ்சாவூர் ராஜாவாக இருந்தால் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருப்பார். வானத்தைத் தவிர வேறு போக்கற்ற சீமையின் அரசனுக்கே மழை முதல் கேள்வியாகிறது. மழை பெய்தால் அரண்மனைக்குள் இருப்பவருக்குத் தெரியாதா, அதற்கு மந்திரி எதற்கு என்று இன்னொரு கேள்வி எழலாம். கரிசலில் ஒரு மழைக்குப் பின் நடந்து பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். மண் பசைபோல உள்ளங்காலில் அப்பும். அடுத்த அடியில் அதன்மேல் இன்னொரு அப்பு. பத்தடி போவதற்குள் ஆள் நாலு விரற்கடை உயர்ந்துவிடுவான். செருப்புப் போட்டிருந்தால் அது சேற்றோடு நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். மழை பெய்திருந்தால் மந்திரி வாசலில் உட்கார்ந்து குச்சியால் மண்ணை வழித்துக்கொண்டிருப்பார். அரசர் கேட்கவே வேண்டாம். மந்திரி சுத்தமான காலோடு சபைக்குள் வந்ததால்தான் ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆகவே இக்கேள்வி கரிசலில் மட்டுமே, அதுவும் மழை பொய்த்த வருஷத்தில் மட்டுமே பிறந்திருக்க முடியும்.

ஏழடுக்கு மாளிகையும் யானைப்படையும் எங்கே என்பது அடுத்த மறுப்பு. இவை பிற்காலத்துச் சேர்க்கை. 1959இல் பி.ஆர். பந்துலு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை எடுத்தபோது ஜெய்ப்பூர் வரை போய்ப் படம்பிடிக்க வேண்டியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்கே ராஜஸ்தானிலிருந்து பிரம்மாண்டம் வரவழைக்கப்பட்டது என்றால், பெயரில்லாத ராஜாவுக்கு ஏழு மாடியைக் கூட்டித் தரக் கதைசொல்லிகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1801 மே மாதம் கோட்டை வீழ்ந்தது. அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் இப்பகுதி மக்கள் இன்றும் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் கும்பினியார் காதில் விழும் என்றிருந்த காலத்தில், புத்தியுள்ள பாட்டி எவளும் ‘ஒரு ஊர்ல’ என்றுதான் தொடங்கியிருப்பாள். 1801க்கு முன்பும் அப்படித்தானே தொடங்கினார்கள் என்றால், அது முன்னெச்சரிக்கை.

இனிப் போட்டி ஊர்களைத் தள்ள வேண்டும். எட்டயபுரத்தில் அரண்மனை உண்டு. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் கடைசியாக வாழ்ந்ததும் பாரதி பிறந்ததும் அங்கேதான். கதை ராஜாவின் சபையிலோ மந்திரியைத் தவிர வாய்திறப்பவர் இல்லை. கோவில்பட்டியில் ரயில் நிலையம் இருக்கிறது. அது தலைநகராக இருந்தால் ஏழு மலை தாண்டப் போன இளவரசன் நடந்தே போயிருக்கமாட்டான். பாஞ்சாலங்குறிச்சியைத் தள்ளுவதுதான் கடினம். அதற்கு ஒரு காரணம் போதும். இந்த ராஜா சந்தோஷம் வந்தால் ‘பாதி ராஜ்யம் தருகிறேன்’ என்பவர். பாதி ராஜ்யம் என்றால் சர்வே எண்ணை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும். அதற்குத் தாலுகா அலுவலகம் வேண்டும். வ.உ. சிதம்பரனார் வக்கீலாவதற்கு முன் சிறிது காலம் எழுத்தராக இருந்த தாலுகா அலுவலகம் ஓட்டப்பிடாரத்தில்தான் இருந்தது. இதற்கு மேல் சான்று கேட்பது ஆய்வு ஆகாது, பிடிவாதம் ஆகும்.

ஆகவே கதை சொல்லும் பாட்டிமாருக்கு ஒரு விண்ணப்பம். ‘எந்த ஊர்ல?’ என்று பிள்ளை கேட்டால் இனி மழுப்ப வேண்டாம், ஓட்டப்பிடாரம் என்றே சொல்லுங்கள். அதற்கும் ஆதாரம் கேட்கிற பிள்ளையிடம் இக்கட்டுரையை வாசித்துக் காட்டலாம். கதையைவிடச் சீக்கிரம் தூங்கிவிடும்.