அடுப்பங்கரைத் தரையின் ஆயுள்: ஒரு முன்னாய்வு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி உயரம் என்பதை அந்த ஊர்ச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அண்ணாந்து பார்த்தே பழகிய ஊர். குனிந்து தரையைப் பார்த்து எழுதியவர் ஒருவரும் இல்லை. அக்குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி.

ஆய்வுக்களம்: ஸ்ரீவில்லிபுத்தூர் தொடங்கி 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையம் வரையிலான சொந்தக்காரர் வீடுகள். கருவிகள்: 5 ரூபாய் நாணயம் ஒன்று, எலுமிச்சம்பழம் பாதி. ஆய்வு நேரம்: சாப்பாட்டு நேரம்.

கடினத்தை அளக்க 1812இல் பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர் 10 படிகள் வகுத்தார். அதன்படி சலவைக்கல் 3, கிரானைட் 6க்கு மேல். கேஸ் சிலிண்டரின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் மணலோ 7. சலவைக்கல் தரையில் சிலிண்டரை உருட்டினால் ஏன் கோடு விழுகிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் மோஸ் அளந்தது கீறலைத்தான். இடுப்புயரத்திலிருந்து அம்மிக் குழவி விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

புளிப்பு இன்னொரு பகை. சலவைக்கல்லும் கடப்பாக்கல்லும் சுண்ணாம்பு வம்சம். புளிக்கரைசல் பட்டுச் சற்று நேரம் கிடந்தால் பளபளப்பு போய்த் தழும்பு நிற்கும். இதை நிறுவ அத்தை வீட்டில் நான் எலுமிச்சையைப் பிழிந்தபோது கிடைத்த எதிர்வினை: “ஏய்யா, எல்லாரும் சோத்துல பிழிவாக, நீ தரையில பிழியுற!” ஆய்வு அன்று நிறுத்தப்பட்டது.

ராஜபாளையத்தில் சிமென்ட் தரையைக் குறைத்துப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் ஊர். 1957இல் அவர் தொடங்கிய மெட்ராஸ் சிமென்ட்ஸ்தான் இன்றைய ராம்கோ. பேச வேண்டிய அவசியமும் இல்லை. காவிப்பொடி கலந்து, கரணையால் இழைத்து, பொறுமையாகத் தண்ணீர் கட்டி ஊறவைத்த பெரியம்மா வீட்டுச் சிவப்புத் தரை மூன்று தலைமுறைக் கால்கள் தேய்த்ததில் முகம் பார்க்கும்படி இருக்கிறது. அடுப்புப் பக்கமாக ஒரே ஒரு விரிசல். அதைச் சொன்னால், “அது உங்க பெரியப்பா உலக்கையப் போட்டது” என்று சரித்திரம் தொடங்கிவிடும். இப்படித் தரை போடத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள் என்பதுதான் இதன் ஒரே குறை.

ஆகவே இப்போது எல்லாரும் விட்ரிஃபைட் டைல்ஸ். அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காத கல். மஞ்சள்கறை கல்லை விட்டுவிட்டு இணைப்புக்கோட்டில் போய்க் குடியேறும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சிந்திய இணைப்புக்கோட்டை எறும்புகள் எந்தக் குறியீடும் இல்லாமலே கண்டுபிடிக்கின்றன.

இங்கேதான் நாணயம் பேசுகிறது. கல்லைத் தட்டினால் ‘டக்’ என்றால் நலம். ‘டொப்’ என்றால் அடியில் வெற்றிடம்: கலவையை முழுக்கப் பரப்பாமல் மூலைக்கு ஓர் உருண்டை, நடுவில் ஓர் உருண்டை வைத்து அமுக்கிய வேலை. குழவி விழுந்ததும் உடைவது இந்தக் கல்தான். கடையில் அரைநாள் நின்று கல் பொறுக்குகிறவர்கள், ஒட்டும் நாளில் பக்கத்தில் அரைமணி நின்றிருக்கலாம்.

சித்தி வீட்டு டைல்ஸ் எல்லாச் சோதனையிலும் தேறியது. குழவிக்கு அசையவில்லை, ரசத்துக்குக் கறுக்கவில்லை. ஈரத்தில் வழுக்கிச் சித்தப்பாதான் விழுந்தார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது அன்றைக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் அடுப்பிலிருந்து வாசற்படிவரை கோணிச்சாக்கு விரிக்கப்பட்டது. தரை புத்தம்புதிதாக அதன் அடியில் இருக்கிறது. அதன் நிறம் பற்றிய பகுதி, சாக்கைத் தூக்கிப் பார்க்கச் சித்தி அனுமதித்த பின் எழுதப்படும்.