கிரேயானும் ஸ்டிக்கரும்: தவளக்குப்பம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

புதுச்சேரி ஆய்வாளர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடிகளைச் சேர்த்தது. இங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. தவளக்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டை 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் கசால் தோண்டினார். 1989 முதல் விமலா பெக்லி தோண்டினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோம் நாட்டிலிருந்து இங்கே என்ன தட்டு வந்தது, என்ன மது ஜாடி வந்தது என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும்.

ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கட்டுப்படியாகும் விலையில் எந்தக் கிரேயான் வாங்குவது என்று ஒருவர் தவளக்குப்பம் சந்திப்பில் நின்று கேட்டால், பதில் சொல்ல ஓர் ஏடும் இல்லை. அறிவுலகத்தின் இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முதல், கரு, உரி

எதையும் முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்குவது நம் மரபு. முதற்பொருளில் நிலமாவது, புதுச்சேரி–கடலூர் சாலையில் அபிஷேகப்பாக்கம் சாலை வந்து சேரும் சந்திப்பு. பொழுதாவது மாலை, சிறுபொழுதுக்குள்ளும் சிறுபொழுதாக, கடலூர் பஸ் வருவதற்குச் சற்று முன். கருப்பொருள்களாவன: ஃபேன்சி ஸ்டோர், அதன் வாசலில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஸ்டிக்கர் அட்டைகள், ஏர் ஹாரன், அம்மாவின் இடுப்பு, அப்பாவின் ஜிபே. உரிப்பொருள், அடம் பிடித்தலும் அடம் பிடித்தல் நிமித்தமும்.

அந்தக் கயிறு எந்த உயரத்தில் கட்டப்படுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நின்றுகொண்டிருக்கும் பெரியவருக்கு அது மார்பளவில் கிடக்கும், கண்ணில் படாது. அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கோ சரியாக மூக்குக்கு நேரே வரும். இந்த அளவைக் கடைக்காரர்கள் எந்தக் கல்லூரியிலும் கற்றதில்லை.

3. கிரேயான் வகைப்பாடு

கடையில் கிடைக்கும் கிரேயான் மெழுகு, பிளாஸ்டிக், ஆயில் பேஸ்டல் என மூவகைப்படும்.

மெழுகுக் கிரேயான், பாரஃபின் மெழுகை உருக்கி, நிறப்பொடி கலந்து, அச்சில் வார்த்து, காகிதம் சுற்றியது. 1903இல் அமெரிக்காவில் பின்னி அண்டு ஸ்மித் கம்பெனி ‘கிரயோலா’ என்ற பெயரில் எட்டு நிறம் அடங்கிய பெட்டியை ஐந்து சென்ட்டுக்கு விற்றது. மலிவு என்பது இப்பொருளுடன் கூடவே பிறந்தது என்பதற்கு இதுவே சான்று. நம் நாட்டில், 1931இல் பம்பாயில் மை தயாரிக்கத் தொடங்கிய கேம்லின் பின்னாளில் ஒட்டகப் படம் போட்ட பெட்டியாக வீடுதோறும் நுழைந்தது. மெழுகின் குணம், லேசாக இழுத்தாலும் நிறம் விழும். குற்றம், கீழே விழுந்தால் உடையும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மறந்து வைத்தால் குழைந்து சீட்டோடு சீட்டாகிவிடும்.

பிளாஸ்டிக் கிரேயான் உடையாது, கையில் ஒட்டாது, சீவிக்கொள்ளலாம். பார்த்தவுடன் பெற்றோர் மயங்குவது இதில்தான். ஆனால் அழுத்தி எழுதினால்தான் நிறம் விழும். பிஞ்சுக் கைக்கு அந்த வலு இல்லை. குழந்தை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும், தாளில் ஒன்றும் தெரியாது. பிறகு அதைக் கொண்டு தட்டில் தாளம் போடும்.

ஆயில் பேஸ்டல் எண்ணெய்ப் பசை கொண்டது. தொட்டாலே நிறம் கொட்டும். தொட்ட கையிலும், அந்தக் கை தொட்ட கன்னத்திலும், அந்தக் கன்னம் சாய்ந்த தலையணை உறையிலும் கொட்டும். ஓவிய வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது சரி. தொட்டில் பருவத்தைத் தாண்டிய கையோடு அதைத் தருவது துணி துவைக்கிறவருக்கு இழைக்கும் அநீதி.

இனி நிற எண்ணிக்கை. கிறுக்கல் பருவத்தில் நிறத்துக்குப் பெரிய பங்கு இல்லை, கையை ஆட்டியதும் கோடு விழுகிறதே என்ற இன்பம்தான் பெரிது என்று விக்டர் லோவன்ஃபெல்டு 1947இலேயே எழுதிவிட்டார். பல லட்சம் குழந்தைப் படங்களைச் சேகரித்த ரோடா கெல்லாக், அடிப்படைக் கிறுக்கல்கள் இருபது என்று வகுத்தார். இருபதையும் ஒரே சிவப்புக் குச்சியால் போட்டுவிடலாம். ஆகவே இருபத்துநான்கு நிறப் பெட்டி வாங்குகிறவர் வாங்குவது குழந்தைக்கு அல்ல, தமக்கு.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளைக் கிரேயான் இருப்பது ஏன் என்பது தனியாக முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. சுவரை நோக்கி நடக்கும் குழந்தையின் கையில் அவசரமாகத் திணிப்பதற்கு என்று இப்போதைக்குக் கொள்ளலாம்.

4. உயரக் கோட்பாடு

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இது: கிரேயான் பெட்டியின் விலையும், வீட்டில் அது வைக்கப்படும் இடத்தின் உயரமும் நேர் விகிதத்தில் இருக்கும்.

இருபது முப்பது ரூபாய்ப் பெட்டி தரையில் கிடக்கும். பாதி கட்டிலுக்கு அடியில், மீதி வெளக்குமாறு போகும் வழியில். நூறு ரூபாயைத் தாண்டினால் டிவி ஸ்டாண்டில் ஏறும். கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். அதற்கும் மேலே போனால் அலமாரியின் மேல்தட்டு. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கொடுத்த தகர டப்பா நேராக பீரோவின் உச்சிக்குப் போய்விடும். வந்தவர்களுக்கெல்லாம் அதை இறக்கிக் காட்டி, துடைத்து, மறுபடி ஏற்றுவார்கள். அதன் மூடியை அந்தக் குழந்தை தன் கையால் திறக்கும்போது அது பத்தாவது படித்துக்கொண்டிருக்கும்.

குழந்தைக்கு எட்டாத உயரத்தில் உள்ள பொருள் குழந்தையுடையது ஆகாது. எனவே ‘கட்டுப்படியாகும் விலை’ என்பதைப் பர்ஸை வைத்து அளக்கக் கூடாது. இங்கே புதிய அளவை ஒன்று முன்மொழியப்படுகிறது. அதற்கு ‘ஐயோ அளவை’ என்று பெயர். கடையில் பெட்டியைக் கையில் எடுத்து, உள்ளே உள்ள ஒரு குச்சி இரண்டாக உடைவதாக நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளுக்குள் ‘ஐயோ’ என்று கேட்டால் விலை அதிகம். ‘சரி போ’ என்று கேட்டால் வாங்கலாம்.

5. கள ஆய்வு

சந்திப்பை அடுத்த ஒரு கடையில் பதிவு செய்யப்பட்ட உரையாடல், ஒலி மாறாமல்:

“பாப்பா என்னா படிக்குது சார்?”

“இன்னும் ஸ்கூலுக்குப் போவல. ரெண்டு வயசுதான் ஆவுது.”

“அப்ப இந்த இருவத்திநாலு கலரு வேணாம். தடிக் குச்சி எடுத்துக்குங்க. சின்னத ஒடச்சி வாயில போட்டுக்கும்.”

“இதெல்லாம் எதுக்கு தம்பி? ஒரு செங்கத் துண்டக் குடுத்தா வாசல்ல எழுதிக்கினு கெடக்கும்,” என்றார் உடன் வந்த ஆயா.

“செங்கல்லு இப்ப கிரேயான விட வெல ஆயா.”

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, ஒரு செங்கல்லின் விலையில் மெழுகுக் குச்சிகள் சில வாங்கலாம் என்பதால் ஆயா மரபு பொருளாதாரக் காரணத்தால் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது, கடைக்காரர் சொன்னதும் பொம்மைப் பாதுகாப்புத் தரம் சொல்வதும் ஒன்றே. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் உள்ள சிறு பாகம், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதுமாக அடங்கிவிடக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. அடங்கினால் தொண்டையை அடைக்கும். முழுக் குச்சி தன் நீளத்தால் தப்பிவிடும். உடைந்த துண்டு தப்பாது.

இங்கே ஒரு முரண் உண்டு. குட்டைத் துண்டைப் பிடிக்கும்போதுதான் குழந்தை முஷ்டியை விட்டு விரல் நுனியால் பிடிக்கப் பழகுகிறது. அதே துண்டுதான் வாய்க்கும் போகிறது. துண்டு தரையில் இருக்கும் வரை பெரியவர் ஒருவரும் தரையில் இருக்க வேண்டும் என்பதே இம்முரணுக்குத் தீர்வு. துண்டுகளைச் சேர்த்து, காகிதத்தை உரித்து, உருக்கி இட்லித் தட்டுக் குழியில் வார்த்தால் கைக்கு அடக்கமான தடித்த கிரேயான் கிடைக்கும் என்பது உண்மை. அந்தத் தட்டில் பிறகு இட்லி ஊற்ற முடியாது என்பதும் உண்மை. ஆகவே தட்டின் உரிமையாளரிடம் முன்கூட்டியே இசைவு பெறுவது ஆய்வு நெறியாகும்.

6. ஸ்டிக்கரியல்

பின்தாளை உரித்து ஒட்டும் லேபிளை 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஸ்டான்டன் ஏவரி. நம் வீடுகளுக்கு அது ஸ்டிக்கர் பொட்டாக வந்தது. பாத்ரூம் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் பொட்டுகள்தாம் குழந்தை காணும் முதல் ஸ்டிக்கர் தொகுப்பு.

ஸ்டிக்கரில் என்ன படம் இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கு முக்கியம். குழந்தைக்கு முக்கியம் பிய்த்தல். டைனோசர் அட்டையானாலும், பட்டாம்பூச்சி அட்டையானாலும், வெறும் வட்டப் புள்ளி அட்டையானாலும் ஒரு பஸ் வருவதற்குள் காலியாகிவிடும். ஆகவே படத்துக்கு விலை கொடுக்காமல் எண்ணிக்கைக்கு விலை கொடுக்க வேண்டும். தட்டையான காகித ஸ்டிக்கரே சாலச் சிறந்தது. பஞ்சு வைத்து உப்பியதும், கண் உருள்வதும், மணி ஒட்டியதும் பிய்ந்து வாய்க்கும் மூக்குக்கும் போவன. மூன்று வயது வரை விலக்குக. பொட்டு ஸ்டிக்கரைப் பொம்மையாகத் தருவதும் விலக்கத்தக்கது. சிலவகைப் பொட்டுப் பசையில் உள்ள வேதிப்பொருள் தொடர்ந்து படும் இடத்தில் தோலை வெளுக்கச் செய்யும் என்பதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஸ்டிக்கர்கள் கண்டெடுக்கப்பட்ட இடங்கள்: ஆயாவின் முழங்கை, கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ் கதவு, மஞ்சள் ரேஷன் கார்டு. தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டால் முதல் மூன்றிலிருந்தும் பசை கழன்று வரும்.

7. சுவர் அகழாய்வு

அரிக்கமேட்டில் வீலர் மண்ணடுக்குகளைப் பிரித்துக் காலம் கணித்ததுபோல, இரண்டு பிள்ளைகள் வளர்ந்த வீட்டின் கூடத்துச் சுவரையும் அடுக்கடுக்காகப் படிக்கலாம். கீழடுக்கு மூத்ததின் காலம், மேலடுக்கு இளையதின் காலம். இடையே ஒரு டிஸ்டம்பர் படலம். மெழுகின் மேல் நீர்ப் பெயின்ட் ஒட்டாது என்பதால், பொங்கலுக்கு அடித்த டிஸ்டம்பரைத் தள்ளிக்கொண்டு பழைய கோடு ஆடி மாதத்துக்குள் மேலே தெரிந்துவிடும். வாடகை வீட்டில் இது வரலாறு ஆவதில்லை, அட்வான்ஸில் பிடித்தம் ஆகிறது. கிரேயானின் உண்மையான அடக்க விலையைக் கணக்கிடுவோர் இத்தொகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் குழந்தையின் கை எட்டும் உயரம் வரை பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டிவைப்பது இச்செலவைத் தவிர்க்கும்.

8. வரியியல்

விலை மலிவு என்று கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரி எல்லைக்குள் வருவோர் பலர். அவர்கள் வாங்கிச் செல்வது கிரேயான் அன்று. மதுவும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் அவற்றின் விலை எல்லைக்கு எல்லை மாறும். கிரேயான் எல்லைக்கு இரு புறமும் ஒன்றே. அதன் மேல் இருந்த 12 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. குழந்தையின் கிறுக்கலுக்கு இப்போது நாட்டில் வரி இல்லை. வீட்டுக்காரர் விதிப்பது தனி.

9. முடிவும் பரிந்துரையும்

மெழுகுக் கிரேயானே வாங்குக. தடித்த குச்சி, பன்னிரண்டு நிறத்துக்குள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் எம்ஆர்பியும் ‘நச்சற்றது’ என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க. இல்லாதது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஸ்டிக்கர் தட்டையாக, காகிதத்தில், அட்டைக்கு எண்ணிக்கை மிகுந்ததாக இருக்கட்டும். மிச்சப்படும் பணத்தில் ஒரு பக்கம் வெள்ளையான தாள் கட்டு வாங்கலாம். ஜெராக்ஸ் கடையில் வீணான தாளைக் கேட்டால் பல நேரம் சும்மாவே கொடுப்பார்கள். எந்தப் பெட்டியை எடுத்ததும் பீரோவுக்கு மேல் வைக்கத் தோன்றுகிறதோ, அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருக.