ஹைகோர்ட் லீவு விட்டதால் வந்த மார்கழி

சென்னையின் மார்கழி இசைவிழாவைப் பற்றி யார் மைக்கைப் பிடித்தாலும் ‘தொன்றுதொட்டு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். தொன்று என்பது 1927. தொட்டது காங்கிரஸ் கட்சி.

அதற்கு முன்னால் மார்கழியில் பாட்டே இல்லையா என்று மயிலாப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இருந்தது. கபாலி கோயில் மாடவீதிகளில் விடியற்காலை பஜனை போனது. பாபநாசம் சிவன் முன்னால் பாடிக்கொண்டு நடந்தார். டிக்கெட் கிடையாது, ஏசி கிடையாது, முன்வரிசை யாருக்கு என்ற தகராறும் கிடையாது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900இலேயே கடை திறந்துவிட்டது. ஆனால் ஊரே பட்டுப்புடவையும் ஜிப்பாவுமாக, 22 டிகிரி ‘குளிருக்கு’க் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, சபா சபாவாக அலைகிற இந்த ‘சீசன்’ இருக்கிறதே, அதன் ஜாதகம் வேறு.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. டாக்டர் அன்சாரி தலைவர். சைமன் கமிஷனைப் பகிஷ்கரிக்க ஒரு தீர்மானம். ஐரோப்பாவிலிருந்து சூடு ஆறாமல் வந்து இறங்கிய ஜவாஹர்லால் நேரு, பூரண சுதந்திரம் வேண்டும் என்று இன்னொரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்; காந்திக்கு அது பிடிக்கவில்லை. மாநாட்டோடு மாநாடாக ஓர் இசை மாநாடும் நடந்தது. சென்னைக்கு ஒரு சங்கீத அகாடமி தேவை என்று அதிலும் ஒரு தீர்மானம்.

சுதந்திரத் தீர்மானம் பழுக்க 20 வருடம் பிடித்தது. அகாடமித் தீர்மானம் எட்டே மாதத்தில் பழுத்துவிட்டது. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் தொடக்க விழா. நம்மவர்களுக்கு எது அவசரம் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. காங்கிரஸ் பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர், வெள்ளைக்கார அரசாங்கத்தில் ‘சர்’ பட்டம் வாங்கியிருந்த சி.பி. ராமசாமி ஐயர். தொட்டில் போட்ட இடம் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கட்டடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏசுநாதர் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்.

ஏன் டிசம்பர்? திருப்பாவை மாதம், தெய்விக மாதம் என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டிய ஜரிகை. 1885இல் பம்பாயில் கூடியதிலிருந்தே காங்கிரஸ் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் மாநாடு போட்டுவந்தது. காரணம் எளிது: கட்சியின் பெருந்தலைகள் பாதிப்பேர் வக்கீல்கள். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் மூடினால்தான் அவர்களுக்குத் தேசபக்தி செய்ய நேரம் கிடைக்கும். சென்னையில் சங்கீதத்தைப் போஷித்தவர்களும் அதே கறுப்புக் கோட்டுக்காரர்கள்தான். ஹைகோர்ட்டுக்கு லீவு, கட்சிக்காரர் தொந்தரவு இல்லை, வீட்டில் உட்கார்ந்தால் மாமியார் தொந்தரவு. தோடி ராகம் எவ்வளவோ மேல்.

அவர்களுக்கு இன்னொரு வசதியும் வாய்த்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணக் கச்சேரி இல்லாததால் வித்வான் சும்மா இருந்தார். கல்யாணச் சமையல் இல்லாததால் சமையல்காரரும் சும்மா இருந்தார். வக்கீல், வித்வான், தவசிப்பிள்ளை ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்ததன் விளைவையே நாம் பண்பாடு என்று அழைக்கிறோம்.

சும்மா இல்லாத வக்கீல் ஒருவரும் இருந்தார். அவர் ஈ. கிருஷ்ண ஐயர், அகாடமியின் செயலாளர்களில் ஒருவர். மரியாதைப்பட்ட குடும்பங்கள் சதிராட்டத்தை முகம் சுளித்துப் பார்த்த காலத்தில், தாமே புடவை கட்டிச் சலங்கை கட்டி மேடையேறி ஆடிக்காட்டிய மனிதர். இன்றைக்கு ஒரு வக்கீல் அப்படிச் செய்தால் அரைமணி நேரத்தில் உலகம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடும். 1931இல் அகாடமி மேடையில், பரம்பரையாகச் சதிர் ஆடிய குடும்பத்துக் கல்யாணி அம்மாளின் பெண்களை ஆட வைத்தார், கூட்டம் சுமார்தான். 1932இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எதிர்க்க, ஐயர் பதில் சொல்ல, பத்திரிகைகளில் கடிதச் சண்டை கொழுந்துவிட்டு எரிந்தது. 1933 புத்தாண்டு நாளில் அதே பெண்கள் மறுபடி ஆடியபோது உட்கார இடமில்லை. ஊரைக் கூட்ட எதிர்ப்பைப் போன்ற விளம்பரம் வேறில்லை என்பதைச் சினிமாக்காரர்களுக்கு முன்பே கண்டுபிடித்தது சங்கீத வித்வத் சபை என்கிற அகாடமிதான். ஆட்டத்தைப் பரம்பரையாகக் காப்பாற்றிய குடும்பங்கள் மெல்ல மேடையிலிருந்து இறங்கியதும், ‘பரதநாட்டியம்’ என்ற பெயரோடு வேறு வீட்டுப் பெண்கள் ஏறியதும் அதற்கடுத்த அத்தியாயம். அதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தமிழர்கள் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தால் அதிலிருந்து பிரிந்து இன்னொன்று வர வேண்டுமே. 1932இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி வந்தது. பிறகு, தமிழ்நாட்டில் தமிழில் ஏன் பாடக்கூடாது என்று ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் பாஷை முக்கியமா பாவம் முக்கியமா என்று இரண்டு வருடம் அடித்துக்கொண்டார்கள். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய கல்கியும் தமிழிசைக் கட்சியில் சேர்ந்தார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அதுவும் டிசம்பரிலேயே விழா நடத்தியது. மொழி விஷயத்தில் சமரசம் இல்லை. லீவு விஷயத்தில் எல்லோரும் ஒரு கட்சி.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்தில் அகாடமிக்குச் சொந்த அரங்கம் இல்லை. கடைசியில் 1955இல் நேரு, அதே நேரு, பிரதமராக வந்து அடிக்கல் நாட்டினார். 1962இல் மைசூர் மகாராஜா திறந்துவைத்தார். அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டத்துக்கு முதல் பெண்ணாக எம்.எஸ். சுப்புலட்சுமியைத் தேர்ந்தெடுக்க 1968 வரை ஆயிற்று. எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை, பிறகு கொஞ்சம் நிதானமாகவே வளர்ந்தது.

பழைய மகாபலிபுரம் சாலையோரத்து எங்கள் படூருக்கு இந்தச் சரித்திரத்தில் என்ன பங்கு என்று கேட்கலாம். விறகு. அந்தக் காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் எங்கள் பக்கத்துக் கடலோரச் சவுக்கும் உப்பும் படகேறிப் பட்டணம் போயின. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மூச்சு வாங்கிய இடைவெளியில் ரசிகர்கள் குடித்த காபியில் ஒரு மடக்காவது எங்கள் சவுக்கில் கொதித்திருக்கும். காபி இல்லாமல் ரசிகன் இல்லை. ஆகவே கர்நாடக சங்கீதத்தைக் காப்பாற்றியதில் படூர் வட்டாரத்துக்கும் உரிமை உண்டு. கலாநிதி பட்டம் எதுவும் வேண்டாம், கேன்டீனில் ஒரு நாற்காலி போதும்.

இப்போது கால்வாய் ஓரத்துச் சவுக்கு போய் ஐடி கட்டடங்கள் முளைத்துவிட்டன. சீசனுக்குப் போகிறவர்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஆலாபனை செய்துகொண்டே நகர்கிறார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் விளம்ப காலம். திரும்பி வர வேண்டிய கவலையில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்துவிடுகிறோம். தனிக்கு எழுந்து போகிறவர்களை மிருதங்கக்காரர்கள் முறைப்பது வழக்கம். மற்றவர்கள் போவது அடை அவியலுக்கு. நாங்கள் போவது கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு. இந்த வித்தியாசத்தை அவர்கள் கருணையோடு பரிசீலிக்க வேண்டும்.

அலையவே வேண்டாம் என்று 1992இல் அரசாங்கம் ஒரு வழி செய்தது. மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுக்கு முன்னால், டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா. படூரிலிருந்து தெற்கே ஒரு மிதி. பல்லவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மகேந்திரவர்மன் ராஜாவாக இருந்துகொண்டே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதியவன். குடித்த காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்கு திருடிவிட்டார் என்று காஞ்சிபுரம் தெருவில் கூச்சல் போடுவான். கடைசியில் எடுத்தது நாய். அரசனே இப்படி எழுதலாம் என்றிருந்தது ஏழாம் நூற்றாண்டு. இன்று இதை மேடையேற்ற மூன்று தரப்பிடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். நான்காவதாக பிராணிகள் நல வாரியம். அர்ச்சுனன் தபசில் கையைத் தூக்கிக்கொண்டு கபடத் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கிற எலிகளையும் பார்க்கும்போது, நன்கொடை கேட்டு வரும் சபா செயலாளர்களைப் பல்லவச் சிற்பி எங்கோ முன்கூட்டியே பார்த்திருக்கிறான் என்று தோன்றும்.

மாமல்லபுரத்து விழா ஏன் டிசம்பர் கடைசியில்? வெளிநாட்டுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் லீவு. மயிலாப்பூர் சபாக்களில் வக்கீல்களின் நாற்காலிகளில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் யார்? நியூ ஜெர்ஸியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வந்த மாமா மாமிகள், கூடவே அரங்கேற்றம் முடித்த பேத்திகள். அவர்கள் எப்படி டிசம்பரில் வருகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் லீவு. ஹைகோர்ட் போய் ஹைஸ்கூல் வந்ததே தவிர, பெத்லகேமில் பிறந்தவர் தயவில்லாமல் தியாகராஜரின் பஞ்சரத்னம் நடப்பதில்லை.

1978 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, சீசன் போலவே தடபுடலாக. திருவையாற்றில் சுவாமிகள் சித்தியடைந்தது 1847 ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமி அன்று. கிளீவ்லாந்தில் ஆராதனை ஈஸ்டரை ஒட்டி. பகுள பஞ்சமிக்கு அமெரிக்காவில் லீவு கிடையாது.