ஆடுபுலி ஆட்டத்தில் எதிராளியின் படைபலத்தை அளத்தல்: சோழவந்தானை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடுபுலி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அறிய இப்போதைக்கு இரண்டு அடையாளங்கள்தான் உண்டு. தோற்கப்போகிறவர் வெற்றிலைச் செல்லத்தைத் தேடுவார். அல்லது காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துவிடுவார். இரண்டையும் வைத்து ஓர் அளவுகோல் அமைக்க முடியாது. வெற்றி பெறப்போகிறவரும் வெற்றிலை போடுகிறார்.

ஆய்வுக் களமாகச் சோழவந்தான் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. வைகைக் கரையில் கொடிக்கால்கள் சூழ்ந்த இந்த ஊரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு இருக்கும். சுண்ணாம்பு இருந்தால் தரையில் கட்டம் கீறக் கரிக்கட்டி தேட வேண்டாம். கருவிகளுக்கான செலவு இத்துடன் முடிந்தது. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக: முக்கோணமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடுகளுமாகப் போடும் கட்டத்தில் 23 புள்ளிகள். ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். புலி, பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் குதித்து வெட்டும். ஆடு எதையும் வெட்டாது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. பதினைந்து ஆடுகளும் இறங்கி முடியும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. இந்தப் படையில் எந்தப் பக்கம் பலசாலி?

உலக அறிஞர்களில் பெரும்பாலோர் தலையை எண்ணச் சொல்வார்கள். இது மிகப் பழைய மரபு. மகாபாரதத்தில் ஓர் அக்குரோணி என்பது 21,870 யானை, அதே அளவு தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள். கௌரவர் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7, ஆக மொத்தம் 18. ஆடுபுலிக் கட்டத்திலும் பதினைந்தும் மூன்றும் பதினெட்டு. இந்த ஒற்றுமைக்கு ஒரு பொருளும் கிடையாது. ஆயினும் ஆய்வுக் கட்டுரை என்றால் இதைக் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது.

தலை எண்ணும் பள்ளிக்குக் கணித அந்தஸ்து தந்தவர் ஃபிரடெரிக் லான்செஸ்டர். இங்கிலாந்தில் கார் தயாரித்துக்கொண்டிருந்த பொறியாளர். தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் படைகளின் பலம், எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதினார். 1916இல் அது நூலாகவும் வந்தது. அவர் சொன்னபடி போட்டுப் பார்த்தால் கௌரவர்களுக்கு 121, பாண்டவர்களுக்கு 49. ஏறக்குறைய இரண்டரை மடங்கு பலத்தோடு கௌரவர்கள் தோற்றார்கள். குருட்சேத்திரத்தில் துப்பாக்கி இல்லை என்று லான்செஸ்டர் தரப்பில் வாதிடலாம். சோழவந்தான் திண்ணையிலும் துப்பாக்கி இல்லை என்றாலும் கணக்கைப் போட்டுவிடுவோம். பதினைந்தின் வர்க்கம் 225, மூன்றின் வர்க்கம் 9. ஆகவே இருபக்கமும் சமமாக நிற்க, ஒரு புலியின் தாக்கும் திறன் ஓர் ஆட்டினுடையதைப்போல் 25 மடங்கு இருக்க வேண்டும். ஆட்டின் தாக்கும் திறனோ பூச்சியம். பூச்சியத்தின் 25 மடங்கு எவ்வளவு என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். லான்செஸ்டரை இந்த இடத்தில் மரியாதையுடன் வழியனுப்பிவைக்கலாம்.

கணினி விளையாட்டுகளிலும் இந்தப் பள்ளிக்கு ஆள் இருக்கிறது. 'சிவிலைசேஷன்' வரிசையின் நான்காம் பதிப்பில், ஒவ்வொரு நாட்டின் பலமும் ஒரு கோடாக ஏறி இறங்கும். அந்தக் கோட்டில் படைவீரர்கள் மட்டும் இல்லை. மக்கள்தொகையும், கற்ற தொழில்நுட்பமும், கட்டிய படைமுகாமும் சேரும். கணினி இயக்கும் அரசர்கள் யார் மேல் படையெடுப்பது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் பார்க்கிறார்கள். ஒற்றர் செலவு மிச்சம்.

இரண்டாவது பள்ளி, இருப்பை விட்டுவிட்டு வெட்டை எண்ணுகிறது. தமிழர்கள் இதில் கரைகண்டவர்கள். போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குப் பரணி பாடலாம் என்பது பாட்டியல் மரபு. குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தில் பெற்ற வெற்றிக்குச் செயங்கொண்டார் பரணி பாடினார். 999 யானைகளோடு திரும்பியவனின் கதி என்ன என்பதை இலக்கணக்காரர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. போர்க்களத்தில் யானைகளை எண்ணியது யார், எதிரியின் ஆள் உடனிருந்து சரிபார்த்தானா என்பவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

ஏனெனில் வெட்டை எண்ணும் முறையின் கோளாறு, எண்ணுகிறவர் எப்போதும் வெட்டியவரின் ஆளாகவே இருப்பது. பத்தாம் நூற்றாண்டில் வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டான். பின்னர் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். ஆளுக்கொரு தலை, மதிப்பெண் பட்டியலில் ஒன்றுக்கு ஒன்று. ஆய்வுக் களமும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்வெட்டுகளில் இந்த ஊர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம், அதாவது சோழனுக்கு எமனான பாண்டியனின் பெயரைத் தாங்கிய ஊர். ஊர் மக்களைக் கேட்டால், சோழ ராஜா இங்கே வந்து மனம் உவந்துபோனதாகச் சொல்வார்கள். ஒரே மண்ணில் இரண்டு மெய்க்கீர்த்திகள்.

மெய்க்கீர்த்தியின் இன்றைய வாரிசு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். 2022இல் வந்த அதன் இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனை நடத்திப்போகும் ஒரு தொடரே இருக்கிறது. அந்த விளையாட்டில் போர் மதிப்பெண் என்பது, அழித்த எதிரிப் படைக்கும் கட்டடங்களுக்கும் எவ்வளவு விலையோ அதில் ஒரு பங்கு. கங்கையிலும் கடாரத்திலும் கணக்கெழுதிய ராஜேந்திரனுக்கு இந்த முறையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்காது.

மூன்றாவது பள்ளி ஆளையே எடைபோடுகிறது. இதன் முதல் ஆய்வாளர் பீஷ்மர். போருக்கு முன் இருபக்க வீரர்களையும் தரம் பிரித்து, ரதன், அதிரதன், மகாரதன் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தவர், கர்ணனைப் பாதி ரதன் என்று போட்டார். கர்ணன், பீஷ்மர் விழும்வரை ஆயுதம் தொடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டான். பீஷ்மர் விழுந்தது பத்தாம் நாள். தரப்பட்டியல் ஒன்றால் ஒரு படை தன் முன்னணி வீரனைப் பத்து நாள் இழந்தது இலக்கியத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத உதாரணம்.

பீஷ்மரின் வேலையைச் சதுரங்கத்தில் செய்தவர் ஆர்பாட் ஈலோ. அவர் வகுத்த மதிப்பெண் முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால், பலசாலியின் வாய்ப்பு ஒன்றுக்குப் பத்து. முறை நல்லதுதான், மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த ஒலிம்பியாடில்தான் கொஞ்சம் சறுக்கியது. பொதுப் பிரிவில் மதிப்பெண்படி முதலிடத்தில் இறங்கிய அமெரிக்கா ஐந்தாவதாக முடித்தது. பதினான்காவதாக இறங்கிய உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது. பதினொன்றாவதாக இருந்த இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலத்தோடு போக, இரண்டாவதாக இருந்த முதல் அணி நான்காமிடத்தில் நின்று அதைப் பார்த்தது.

ஆக மூன்று பள்ளிகளும் திண்ணையில் தோற்றுவிடுகின்றன. ஆளை எடைபோடுவது மாமல்லபுரத்திலேயே சறுக்கிவிட்டது. தலையை எண்ணினால் ஆடு ஐந்து மடங்கு. வெட்டை எண்ணினால் புலியே என்றும் முன்னணி, ஏனென்றால் ஆட்டின் வெட்டு வாழ்நாள் முழுக்கப் பூச்சியம். அந்தப் பூச்சியத்தோடுதான் ஆட்டுக்காரர் ஜெயிக்கிறார்.

எண்ண வேண்டியது புலிக்கு எஞ்சிய வழியை. 23 புள்ளிகளில் பதினெட்டும் நிறைந்தால் காலி 5. ஒவ்வொரு வெட்டும் ஒரு காலிப் புள்ளியைப் பெற்றுத் தருகிறது. புலி ஆட்டைத் தின்பது பசிக்காக இல்லை, இடத்துக்காக. காலிகள் ஐந்தும் புலிக்கு எட்டாத மூலைகளில் கிடந்தால் அவற்றுக்கு மதிப்பில்லை. புலி எட்டி வைக்கவோ குதிக்கவோ கூடிய புள்ளிகளை மட்டும் கூட்டினால் வரும் எண்ணே உண்மையான படைபலம். அது பூச்சியமானால் ஆட்டம் முடிந்தது. கிளாட் ஷானன் 1950இல் கணினிக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க எழுதிய கட்டுரையில் இதை அரைகுறையாகத் தொட்டார்: ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று போட்டுவிட்டு, நகரக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் 0.1 சேர்த்தார். பத்து வழிக்கு ஒரு சிப்பாய் என்பது அவர் விலை. சோழவந்தானில் இந்த விலைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள்.

நேபாளத்தின் பாக்-சால் இன்னும் நெருக்கடியானது. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. ஓர் ஆடும் சாகாமல் எல்லாம் இறங்கினால் ஒரே ஒரு காலி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இருவர் கணினியை வைத்து அலசி, இருபக்கமும் பிசகாமல் ஆடினால் அது சமன் என்று நிறுவினார்கள். பிசகாமல் ஆடும் இருவரைத் திண்ணையில் உட்காரவைப்பது எப்படி என்பது அவர்கள் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை.

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், செயலின் பலம், தன் பலம், பகைவன் பலம் ஆகியவற்றோடு துணைவர் பலத்தையும் எடைபோடச் சொல்கிறார். திண்ணையில் துணைவர் என்பவர் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பவர். "அண்ணே, அங்க வைக்காதீக, தாவிருவான்" என்பது அவர் செய்யும் உதவி. புலிக்காரர் வாய் திறக்குமுன் அவருடைய திட்டம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே இந்தத் துணை ஒரு படைப்பிரிவுக்குச் சமம். இதை ஈடுகட்ட, பின்னால் நின்று யோசனை சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஆட்டுக்காரரின் இருப்பில் ஓர் ஆட்டைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று இந்த ஆய்வு பரிந்துரைக்கிறது. வைகாசித் திருவிழாவுக்கு ஜெனகை மாரியம்மன் கோயிலைச் சுற்றிக் கூட்டம் நெரியும் நாட்களில், பக்கத்தில் ஒரு கட்டம் கீறி உட்கார்ந்தால், இந்த விதிப்படி முதல் ஆட்டை வைப்பதற்குள் பதினைந்தும் தீர்ந்து, ஆட்டுக்காரர் புலிக்காரருக்கு ஏழெட்டு ஆடு கடன்பட்டிருப்பார்.